பயமுறுத்தாமல் கற்பிக்க முடியுமா? மாணவர்களும் இணையப் பாதுகாப்பும்

செல்பேசியோடு பிடிபட்ட மாணவனின் பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூடம்தான், 2020இல் அதே செல்பேசியைக் குழந்தைகளின் கையில் கொடுக்கச் சொன்னது. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒரு பக்கம் கல்வித் தொலைக்காட்சி ஓடியது. இன்னொரு பக்கம் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தோட்டை அடகு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கித் தந்த குடும்பங்கள் எத்தனையோ. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடியும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. திறந்ததும் பழைய விதி திரும்பியது: வளாகத்துக்குள் செல்பேசி கூடாது. வீட்டுக்குள் வந்த போன் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில் அதை எப்படிக் கையாள வேண்டும் என்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அந்தக் கடன் இன்னும் அப்படியே நிற்கிறது.

அதன் அளவைக் கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை காட்டுகிறது. இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு மேல் திறன்பேசியை இயக்கத் தெரிந்திருக்கிறது. முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. சமூக ஊடகம் பயன்படுத்துவோரில் தொல்லை தரும் ஒரு கணக்கைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. தன் பக்கத்தைப் பிறர் பார்க்காமல் பூட்டத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 55. கடவுச்சொல்லை மாற்றத் தெரிந்தவர்கள் 58. பத்துப் பேரில் நான்கு பேர், தங்கள் வாசலுக்குத் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே அங்கே குடியிருக்கிறார்கள்.

முந்தைய ஆண்டு அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. திறன்பேசியை இயக்கத் தெரிந்த 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் ஆண்களில் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8 விழுக்காடு. இணையப் பாதுகாப்பைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் இந்த எண்ணுக்கு இடம் கிடைப்பதே இல்லை. கிடைக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதுவரை நாம் செய்ததில் பெரும்பகுதி தடைகள். 2017இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ‘புளூ வேல்’ இணைய விளையாட்டு பற்றிய பீதி எழுந்தபோது மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2019 ஏப்ரலில் அதே கிளை டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, சில வாரங்களில் விலக்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறொரு காரணத்துக்காக அந்தச் செயலியை நாடு முழுவதும் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, பிள்ளைகள் அங்கே குடிபெயர்ந்தார்கள். இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை நிறுத்தி வைக்கும் விதி 2025இல் வந்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய விளையாட்டுகளுக்கு ஒட்டுமொத்தத் தடையையே சட்டமாக்கியது.

ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் தண்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ கிடையாது. நிறுவனத்துக்கு மட்டும், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. அதைப் போன்ற சட்டத்தை இந்தியாவும் யோசிக்கலாம் என்று அதே டிசம்பரில் மதுரைக் கிளை கருத்துச் சொன்னது.

இவற்றில் சூதாட்டத் தடையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். குடும்பங்களைக் குலைத்த ஒரு வணிகத்துக்கு அது தேவைப்பட்டது. சுமையை நிறுவனத்தின் தலையில் ஏற்றும் ஆஸ்திரேலிய அணுகுமுறையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தத் தடையும் பாடம் நடத்தாது. பதினாறு வயது வரை ஒன்றும் சொல்லித் தராமல் வைத்திருந்து பதினாறாவது பிறந்தநாளில் கதவைத் திறந்துவிட்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளை எதைக் கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும்?

பள்ளிகளில் பாடம் என்று நடப்பது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். சைபர் குற்றப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வருவார். எண்ணூறு பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேசாதே, புகைப்படம் போடாதே, ஓடிபி சொல்லாதே என்று ஒரு ‘கூடாது’ப் பட்டியல். இடையே நெஞ்சை உலுக்கும் ஒரு தற்கொலைக் கதை. கைதட்டல், உறுதிமொழி, குழுப் படம். வருகிற அதிகாரிகளின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். தங்கள் வேலைப்பளுவுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வருகிறார்கள். இந்த வடிவம் பலன் தருகிறதா என்பதுதான் கேள்வி.

உலக அளவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபே மிஷ்னாவும் குழுவினரும் இணையத் தீங்குகளைத் தடுக்கும் பள்ளித் திட்டங்கள் குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தபோது, தரமான ஆய்வாகத் தேறியவை மூன்றே மூன்று. அவை காட்டிய முடிவு இது: பிள்ளைகளுக்கு விஷயம் தெரிகிறது, நடத்தை மாறுவதில்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் லீசா ஜோன்ஸ் குழுவினர் அங்கே புழக்கத்தில் இருந்த பாதுகாப்புப் பாடத்திட்டங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். போதைத் தடுப்பு, வன்முறைத் தடுப்பு ஆகியவற்றில் பலன் தருவதாக நிரூபணமான முறைகள் அவற்றில் அரிதாகவே இருந்தன. திரும்பத் திரும்ப நடத்துவது, நடித்துப் பார்க்க வைப்பது, ஒரு திறனைக் கையில் பழக்குவது, இவை இல்லை. பயமுறுத்தலும் ஒரே மூச்சில் கொட்டும் தகவலும் நிறைய இருந்தன.

‘முன்பின் தெரியாதவர்’ என்ற எச்சரிக்கையையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் சொல்கிறது. இணையத்திலும் தீங்கு பல நேரங்களில் வகுப்புத் தோழன், முன்னாள் காதலன், சொந்தக்காரர், பயிற்சியாளர் என்ற முகத்தோடுதான் வருகிறது. பிள்ளையின் கண்ணுக்கு இவர்கள் யாரும் ‘முன்பின் தெரியாதவர்’ அல்ல.

ஒரு பிள்ளையை மிரட்டுகிறவன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்த்தாலே நம் பாடத்தின் ஓட்டை தெரிந்துவிடும். முதலில் பாராட்டு, பிறகு நட்பு, பிறகு ஒரு படம். படம் கைக்கு வந்த மறுநிமிடமே குரல் மாறுகிறது: இன்னொன்று அனுப்பு, அல்லது பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் அப்பாவுக்குப் போகும், பள்ளிக் குழுவுக்குப் போகும். அவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம், வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அந்தப் பிள்ளை படும் பயம். அந்தப் பயத்தைக் கூட்டிக்கொண்டே போகிற எந்த விழிப்புணர்வும் மிரட்டுகிறவனுக்குத்தான் கைகொடுக்கிறது.

அந்த 19.8 விழுக்காட்டின் முக்கியத்துவம் இங்கேதான் தெரிகிறது. பெண் பிள்ளைகளில் பலர் கையில் இருப்பது அண்ணன் போன், அம்மா போன். இரவலாகக் கிடைத்தது; எந்த நேரமும் பறிபோகக்கூடியது. ஒரு சிக்கலை வீட்டில் சொன்னால் முதலில் போகிறது போன். அடுத்துத் தனிப்பயிற்சி வகுப்பு. சில வீடுகளில் பள்ளிக்கூடமும் நின்று, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தப்புச் செய்தவன் வெளியே நடமாட, தண்டனை முழுவதும் இவள் மேல் விழுகிறது. இவ்வளவும் தெரிந்த ஒரு பதினைந்து வயதுப் பெண் ஏன் வாய் திறக்க வேண்டும்? பையன்களுக்கு வேறு விதமான பூட்டு. ஏமாந்ததைச் சொன்னால் ஆண்மைக்கு இழுக்கு என்று வெட்கி, வீட்டில் பணத்தைத் திருடியாவது மிரட்டுகிறவனுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆகவே கற்பிக்க வேண்டியவற்றில் முதலிடம் ஒரு வாக்குறுதிக்கு: நீ சொன்னால் உன்னைத் தண்டிக்க மாட்டோம். அதோடு சேர்த்துச் சில நடைமுறை அறிவு. மிரட்டுகிறவனுக்குப் பணமோ படமோ இன்னொரு முறை அனுப்பக் கூடாது. உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, சைபர் குற்றங்களுக்கு 1930. பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்றொரு இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை, அதிலிருந்து கணிக்கப்படும் ஒரு குறியீடு மட்டுமே பங்கேற்கும் தளங்களுக்குப் போய் அந்தப் படத்தை அடையாளம் காட்டுகிறது. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

சட்டத்தையும் நேராகச் சொல்ல வேண்டும். குழந்தைகளின் பாலியல் காட்சிகளைப் பதிவிறக்கித் தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தகைய படத்தை வைத்திருப்பதும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் குற்றமாகலாம் என்று விளக்கிய அதே தீர்ப்பு, பள்ளிகளில் முறையான பாலியல் கல்வி வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னது. முதல் பாதி செய்தியானது. இரண்டாம் பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

சொல்வதற்கு ஆள் வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பள்ளிகளில் பிள்ளைகள் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தார்கள்; கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண் உண்டு. இவற்றைவிட எனக்கு நம்பிக்கை தருவது, 2022இல் கோவை மாநகரக் காவல் துறை கல்லூரிகளுக்காகத் தொடங்கிய ‘போலீஸ் அக்கா’ திட்டம். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பெண் காவலர். அவருடைய எண் மாணவிகளிடம் இருக்கும். அவரிடம் நேரடியாகப் பேசலாம். பெட்டிக்கு முகம் கிடையாது, அக்காவுக்கு உண்டு. பள்ளிகளில் இதைக் காவலரைக் கொண்டு செய்வதைவிட ஆசிரியரைக் கொண்டு செய்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஆசிரியருக்குப் பயிற்சி கட்டாயம். ஒரு பிள்ளை வந்து, “டீச்சர், யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்? குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிய வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. மறைத்தால் அவருக்கே தண்டனை. ஆகவே ரகசியம் காப்பேன் என்று அவர் சத்தியம் செய்ய முடியாது. யாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏன், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குப் பொறுமையாக விளக்கி, அந்தப் பாதை முழுவதும் கூடவே நடக்கத்தான் முடியும். இந்த உரையாடலை முன்கூட்டியே பழகாதவர் ஒன்று பிள்ளையை நம்ப வைத்து ஏமாற்றிவிடுவார், அல்லது பயந்து தலைமையாசிரியர் அறையில் பஞ்சாயத்தே கூட்டிவிடுவார். நான் பயிற்சி என்று சொல்வது முதலில் இதற்குத்தான். செயலிகளை இயக்கும் பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு ஒரு பாதி என்றால் பொறுப்பு மறு பாதி. தன்னைக் காத்துக்கொள்வதைப் போலவே, தன் கையால் பிறருக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதும் கல்விதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பல பகுதிகளிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகே, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி மாற்றியது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. பயந்துபோன தொழிலாளர்களுக்கு நிலைமையை விளக்க இரு மாநில அதிகாரிகளும் ஓட வேண்டியிருந்தது. அந்தக் காணொலிகளை அடுத்தவருக்குத் தட்டிவிட்ட விரல்களில் நம் பள்ளிகளில் படித்து வெளியேறியவர்களின் விரல்களும் இருந்தன.

கேரளம் இந்த இடத்தில் நமக்கு முன்னால் போய்விட்டது. அதைக் கூர்ந்து பார்ப்பது நல்லது. 2017இல் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி பற்றிய வதந்திகளால் கண்ணூர் மாவட்டத்தில் பெற்றோர் ஊசி போட மறுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் மீர் முகமது அலி நூற்றைம்பது அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்திகளைப் பிரித்தறியும் வகுப்புகளைத் தொடங்கினார். பெயர் ‘சத்யமேவ ஜெயதே’. சில ஆண்டுகள் கழித்து அதே பெயரில் மாநிலம் முழுவதற்குமான திட்டத்தைக் ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் நடத்தி, 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தது. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் வழியாக 2022இல் பிள்ளைகளே தங்கள் பள்ளியின் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். 2024இல் வந்த ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களில் பொய்ச் செய்தியைச் சரிபார்க்கும் பயிற்சி இடம்பெற்றது. இதற்கெல்லாம் அடித்தளம் 2001இலிருந்து அங்கே பள்ளிகளில் வேரூன்றிவந்த ஐடி@ஸ்கூல் திட்டம். ஒரு விழிப்புணர்வு வாரத்தில் முளைத்ததல்ல. இருபது ஆண்டு வேலை.

சரிபார்ப்பதை எப்படிக் கற்பிப்பது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும், வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் முன்பின் பார்த்திராத இணையதளங்களை எடைபோடச் சொன்னார்கள். பேராசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாக ஆழ்ந்து படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, இதை வெளியிட்டவர் யார், மற்றவர்கள் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்து தேடினார்கள். அவர்கள்தான் சரியான முடிவுக்கு வந்தார்கள், அதுவும் விரைவாக. ‘நன்றாகப் படித்துப் பார்’ என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் அறிவுரை இங்கே போதாது. ‘விட்டு வெளியே போய் விசாரி’ என்று பழக்க வேண்டும்.

இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் மழை பெய்தால் ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் அறிவிப்பு’ என்ற போலிச் செய்தி குழுக்களில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் இவ்வளவு ஆசையோடு படிக்கும் பாடம் வேறெது! அதையே கரும்பலகைக்குக் கொண்டுவரலாம். தேதி இருக்கிறதா, எந்த மாவட்டம், ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் இருக்கிறதா, போன ஆண்டின் படத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்களா? அறிவியல் ஆசிரியர் சர்க்கரை நோயை ஒரே வாரத்தில் தீர்க்கும் கஷாயச் செய்தியை எடுக்கலாம். தமிழாசிரியர், எந்தச் சங்க நூலிலும் இல்லாத ‘சங்கப் பாட்டு’ ஒன்று பரவும்போது மூலத்தைத் தேடச் சொல்லலாம். கணினி இல்லாத பள்ளியிலும் இது முடியும்; ஆசிரியரின் ஒரே போனும் பத்து நிமிடமும் போதும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தப் பொறுப்பு கனத்துவிட்டது. 2023 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டின் அல்மென்தரலேகோ என்ற சிறு நகரில், உடையணிந்த மாணவிகளின் சாதாரணப் படங்களைச் செயலி ஒன்றில் கொடுத்து நிர்வாணப் படங்களாக்கிப் பரப்பியிருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். 2024இல் சிறார் நீதிமன்றம் பதினைந்து பேருக்கு ஓராண்டு கண்காணிப்புத் தண்டனை விதித்து, பாலினச் சமத்துவத்தையும் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு கையாள்வதையும் கற்பிக்கும் வகுப்புகளுக்கு அனுப்பியது. அந்த வகுப்பு ஓராண்டு முன்னால், எல்லாப் பிள்ளைகளுக்கும் நடந்திருக்க வேண்டும். ‘படம் போடாதே’ என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் இங்கே பொருளற்றுப் போகிறது. அவர்கள் எந்தத் தவறான படத்தையும் போடவில்லை. ‘அவள் உடல் உன் விளையாட்டுப் பொருள் அல்ல’ என்று ஆண் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடத்தைத்தான் நாம் தொடங்கவே இல்லை.

பெரியவர்களும் நிறுவனங்களும் முதலில் தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. ஆண்டு விழாவில் ஆடிய சிறுமியின் படத்தைப் பெயரோடும் வகுப்போடும் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போடுகிறோம். மாணவிகளின் எண்கள் எல்லோருக்கும் தெரியும்படி வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். 2022இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, 49 நாடுகளின் அரசுகள் கொரோனா காலத்தில் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 89 விழுக்காடு பிள்ளைகளின் உரிமைகளை மீறும் வகையிலோ அவற்றுக்கு ஆபத்தாகும் வகையிலோ தகவலைக் கையாண்டதாகச் சொன்னது. நம் நாட்டின் திக்ஷா செயலியும் அதில் அடங்கும். பூட்டப்படாத ஒரு சேமிப்புத் தளத்தின் வழியாக அந்தச் செயலியைப் பயன்படுத்திய ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்கள் வெளியே கிடந்தது 2023இல் தெரிய வந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முழுமையாக நடைமுறைக்கு வர இன்னும் காலம் பிடிக்கும்.

பள்ளிக்குள் போனைத் தடுப்பது பற்றிச் சுருக்கமாக ஒரு வார்த்தை. வகுப்பில் கவனம் சிதறாமலிருக்க அது உதவலாம். நம் அரசுப் பள்ளிகளின் விதியை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் இங்கிலாந்தின் 30 பள்ளிகளில் செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், தடை உள்ள பள்ளி மாணவர்களுக்கும் இல்லாத பள்ளி மாணவர்களுக்கும் மனநலனில் வேறுபாடு தெரியவில்லை. பிள்ளை போனோடு இருப்பது மாலை ஆறு மணிக்கு மேல். பள்ளி விதியின் கை அங்கே எட்டாது.

கல்வித் துறையிடம் கேட்பது மூன்று. ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்களின் பெயர்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்படி அறிவிக்கப்பட வேண்டும்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இணையத்தில் பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் மாணவரையோ மாணவியையோ இடைநிறுத்தவோ மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பவோ கூடாது என்று எழுத்து வடிவில் ஓர் ஆணை வர வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் இருக்கிற பாடநூல்களுக்குள்ளேயே சரிபார்ப்புப் பயிற்சிகள் சேர்க்கப்பட வேண்டும். பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று: என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டோம், பள்ளியை நிறுத்த மாட்டோம் என்று இன்றைக்கே உங்கள் பிள்ளையிடம், முக்கியமாக உங்கள் பெண்ணிடம், வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.